ஆட்சேபணை ஏதும் வரவில்லை

கத்தரிக்கோல் மழுங்கிப் போயிருந்தது. அதனால் பேப்பரை மேசைமேல் விரித்து, இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்துக்கொண்டு பிளேடால் அறுத்தேன். ஏழாம் பக்கம், வலது ஓரம், அடியில் ஒரு கட்டம். உள்ளங்கை அகலம்தான் இருக்கும்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. ஈரக்காற்றில் பேப்பர் நமத்திருந்ததால் பிளேடு நேராக ஓடவில்லை, ஓரமெல்லாம் பிசிறியது. கட்டத்தை எடுத்த பிறகு அந்த ஓட்டை வழியாக மேசையில் விரித்திருந்த பச்சை ரெக்சின் தெரிந்தது.

பிறகு முதல் பக்கத்துக்கு வந்து, பத்திரிகையின் பெயரும் தேதியும் இருக்கிற மேல் துண்டையும் அறுத்தேன். எந்தப் பத்திரிகை, எந்தத் தேதி என்று தெரியாவிட்டால் ஃபைலில் ஒட்டிப் பிரயோசனம் இல்லை என்று ஊராட்சிச் செயலர் சார் சொல்லிக்கொடுத்திருந்தார். இரண்டு துண்டையும் வெள்ளைத் தாளில் கோந்து தடவி ஒட்டி, கீழே ‘செய்தித்தாளில் வெளியிடப்பட்டது’ என்று எழுதி, காயட்டும் என்று ஃபேனுக்குக் கீழே வைத்தேன்.

முதல் பக்கத்தில் பெயர் இல்லாத, ஏழாம் பக்கத்தில் ஓட்டை விழுந்த அந்தப் பேப்பரை மடித்து, வழக்கம்போல் படிப்பகத்து மேசையில் போட்டேன்.

ஒன்பது மணிக்குக் கோதண்டம் மாமா வந்தார். ரோலிங் மில்லில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பரை எப்போதும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். எடுத்து விரித்தவர், ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

“இன்னாமே மல்லிகா, பேப்பருக்கு சன்னல் வச்சிகீற?”

“ஆபீஸ் ஃபைலுக்கு மாமா. சார் கேட்டாரு.”

“ஃபைலுக்குனா ஃபைலுக்கு. பின்னாடி மேட்ச்சு ஸ்கோரு இருந்துச்சே, அது எங்க? பதினோரு பேரு ஆடுனான், ஆறு பேருதான் கீறான். மீதி அஞ்சு பேர நீ ஃபைலுக்குள்ள வச்சி ஒட்டிட்டியா?”

கூட இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று முழுவதும் வந்தவர்கள் எல்லாம் ஸ்கோரைத்தான் கேட்டார்கள். அந்தக் கட்டத்தின் முன்பக்கத்தில் என்ன இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எனக்குத் தெரியும். அறுப்பதற்கு முன்னால் படித்திருந்தேன். எங்கள் ஊராட்சியின் பெயர், அதற்குப் பிறகு ஒரு புல எண், உட்பிரிவு. அந்த இடத்திலுள்ள மயானம் நிரம்பிவிட்டதாலும், ஏரிக்கால்வாயை ஒட்டி இருப்பதாலும், இனி அங்கே அடக்கம் செய்வதை நிறுத்த உத்தேசிக்கப்பட்டுள்ளது. ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.

எங்கள் ஊராட்சியில் மூன்று மயானங்கள் உண்டு. இது எங்கள் தெருவுக்கானதாக இருக்காது என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது. என் அப்பாவும் அம்மாவும் கால்வாய் ஓரத்தில்தான் படுத்திருக்கிறார்கள். அடுத்த அறையில் இருந்த பதிவேட்டைப் புரட்டினால் ஒரு நிமிடத்தில் எண் தெரிந்திருக்கும். அதற்கு சாரிடம் கேட்க வேண்டும்.

கேட்பதுதான் எனக்கு வராது. இந்தப் பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். கம்பெனி பஸ் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போனபோது நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் நடந்து வந்தவள் நான்.

பஸ்சில் வரும் பேப்பர்

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். ஊருக்கு வந்த ஒரே பேப்பரை யாராவது வெட்டுவார்களா என்று நீங்கள் கேட்கலாம்.

பத்தாவது முடித்து, இரண்டு கம்பெனிகளில் பேக்கிங் வேலை பார்த்து, உடம்பு முடியாமல் நின்ற பிறகு இந்தப் படிப்பக வேலை கிடைத்தது. காலையில் திறந்து பெருக்க வேண்டும், பேப்பர்களை அடுக்க வேண்டும், பக்கத்திலிருக்கும் ஊராட்சி அலுவலகத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். நான் சேர்ந்த புதிதில் நான்கு தமிழ்ப் பேப்பர், ஒரு இங்கிலீஷ், ஆந்திர எல்லைக்குப் பக்கம் என்பதால் ஒரு தெலுங்கு என்று ஆறு வரும். டீக்கடையில் இரண்டு, சலூனில் ஒன்று. டீக்கடைப் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து நான்கு பேர் படிப்பார்கள். உன் தாள் முடிந்ததா, என் தாள் முடிந்ததா என்று சண்டை வரும்.

கொரோனா வந்தபோது பேப்பரைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று எல்லோரும் நிறுத்தினார்கள். நோய் போன பிறகு பேப்பர் திரும்பி வரவில்லை. எல்லார் கையிலும் போன் இருந்தது. ஊரில் பாதி வீடுகள் இப்போது ஒடிசா, பீகார் பையன்கள் தங்குகிற வாடகை அறைகள். அவர்களுக்குத் தமிழ்ப் பேப்பர் எதற்கு? டீக்கடையில் பேப்பர் தொங்கிய கம்பியில் இப்போது ஷாம்பு பாக்கெட் தொங்குகிறது.

கடைசியில் படிப்பகத்துக்கு வருகிற ஒன்றுதான் மிச்சம். அதையும் நிறுத்தப் பார்த்தார் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கத்து ஏஜெண்ட். தெலுங்குக்காரர், எல்லோரும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

“ஒத்தப் பேப்பருக்கு மெயின் ரோட்டுலருந்து உங்க ஊருக்குள்ள வண்டியத் திருப்பணுமாம்மா? பெட்ரோலு பேஜாரு வேற.”

பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பேப்பரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு டவுன் பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடுவார். நான் நிறுத்தத்தில் நின்று வாங்கிக்கொள்வேன். டிரைவர் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் படித்திருப்பார். குறுக்கெழுத்தில் பாதி அவர் கையெழுத்தில் நிரம்பியிருக்கும்.

“நான் படிச்சிட்டுத்தான் தருவேன்மா. அதான் எனக்குக் கூலி” என்பார்.

முன்பெல்லாம் அரசு அறிவிப்பு ஏதாவது வந்தால் நைனா ஃபைலுக்கென்று இன்னொரு பேப்பரும் சேர்த்து அனுப்புவார். அன்று ஒன்றுதான் வந்தது. சார் மதியமே ஃபைலை எடுத்துக்கொண்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது.

“இருக்கறதுலயே வெட்டி ஒட்டிடுங்க மல்லிகா. நாளைக்கு வேற காப்பி வாங்கிக்கலாம்” என்றார்.

நாளைக்கு வேறு காப்பி வரவில்லை. அவரும் மறந்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. இரண்டு ஊராட்சிகளின் வேலையை ஒரே ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டை நான்கு மணிக்குத் திறந்து, வாசம் பார்த்து, அப்படியே மூடி வைக்கிறதை நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன்.

அலுவலக நடையில் ஓர் அறிவிப்புப் பலகையும் உண்டு. அதற்கு முன்னால் வீடுகளுக்குக் கொடுக்க வந்த பச்சை, நீலக் குப்பைத் தொட்டிகளைக் கூரை வரை அடுக்கியிருந்தார்கள். பலகையில் ஒட்டிய நோட்டீஸைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்பதால், பம்ப் ஆபரேட்டரும் நானும் தொட்டிகளை நகர்த்தினோம். சார் போனில் போட்டோ எடுத்தார். எடுத்து முடித்ததும் தொட்டிகளைப் பழையபடி அடுக்கி வைத்தோம்.

ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் குழாய்த் தண்ணீர் வருகிற நேரம் வரும், மின்வெட்டு வரும், பிறந்தநாள் வாழ்த்து வரும். இது வரவில்லை. போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. விதியில் பேப்பர் என்றும் பலகை என்றும்தான் இருந்தது. இரண்டும் முடிந்திருந்தது.

பெரியப்பா

எங்கள் பெரியப்பா தண்டோரா போட்டவர். அவருக்குப் படிக்கத் தெரியாது. கணக்குப்பிள்ளை இரண்டு தடவை படித்துக் காட்டுவார், பெரியப்பா மனதில் வாங்கிக்கொண்டு கிளம்புவார். ஊர்த் தெருவுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். அந்தக் காட்சியை நான் பார்த்திருக்கிறேன். அதனால் தண்டோராவைப் பற்றி யாராவது ஆசை ஆசையாகப் பேசினால் எனக்கு ஒப்பாது. அரசாங்கம் அதை நிறுத்தியது நல்லதுதான். பெரியப்பா இருந்திருந்தால் அவரும் அதையேதான் சொல்லியிருப்பார்.

ஆனால் ஒன்று. கணக்குப்பிள்ளை சொன்னதோடு அவர் நிறுத்த மாட்டார்.

“நாளைக்கி பூரா லைட்டு இருக்காதுங்கோ! மாவு அரைக்கறவங்கோ இன்னிக்கே அரச்சிக்கோங்கோ! அப்பறம் என்ன திட்டாதீங்கோ!”

முதல் வரிதான் அரசாங்கத்துடையது. மற்றது அவருடையது. சொல்லி முடித்ததும் உடனே நடந்துவிட மாட்டார். வாசலில் நிற்கிறவர்களின் முகத்தை ஒரு சுற்றுப் பார்ப்பார். எங்கள் தெருக்கோடியில் காது கேட்காத ஒருவர் இருந்தார். அவர் வீட்டு முன்னால் நின்று, விளக்கை அணைப்பதுபோல் கையால் காட்டி, அவர் தலையாட்டிய பிறகுதான் அடுத்த தெருவுக்குப் போவார்.

அந்த வேலையை அவரிடம் யாரும் ஒப்படைக்கவில்லை. அதனால் தண்டோரா நின்றபோது அந்த வேலையையும் சேர்த்து யாரிடமும் ஒப்படைக்கவில்லை போலிருக்கிறது.

எஸ்தர் அக்கா

எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு எஸ்தர் அக்காவுடையது. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். இறால் பேக்கிங் கம்பெனியில் வேலை. ஐஸில் கை வைத்து வைத்து அவள் உள்ளங்கை எப்போதும் வெளுத்துச் சுருங்கியிருக்கும். கிட்டப் போனால் எலுமிச்சம்பழ சோப்பு வாசம் வரும். இறால் வாசம் போக அவள் அவ்வளவு தேய்ப்பாள்.

அவளுடைய ஒரே மகன் டேவிட். இருபத்திரண்டு வயதில் காய்ச்சல் வந்து ஐந்தே நாளில் போய்விட்டான். கால்வாய் ஓரத்தில் பூவரச மரத்தடியில் அவன் கல்லறை. எங்கள் மயானத்தில் கிறிஸ்தவர், இந்து என்று பிரித்து வைத்ததில்லை. யார் முன்னால் போனார்களோ அந்த வரிசைதான்.

டேவிட்டின் கல்லறைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டு, சுற்றிலும் செங்கல்லைச் சாய்த்து ஊன்றி வெள்ளையடித்து வைத்திருந்தாள் அக்கா. அது அவளுக்கு. எங்கள் தெருவில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. செங்கல் ஊன்றிய இடத்தில் வேறு யாரையும் வைக்க மாட்டார்கள். எழுத்து இல்லை, ரசீது இல்லை, ஆனால் எவ்வளவு நெருக்கடியிலும் குழி வெட்டுகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

“பட்டா இல்லாத எடம். ஆனா எவனும் வளைக்க மாட்டான் பாரு” என்று அக்கா சிரிப்பாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்ததும் நேராக அங்கேதான் போவாள். மகன் கல்லறையைப் பெருக்கிவிட்டுத் தன் இடத்திலும் புல்லைப் பிடுங்கிவிட்டு வருவாள்.

அந்த அறிவிப்பு வந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. ஒரு மதியம் அக்கா படிப்பகத்துக்குள் வேகமாக வந்தாள். அவள் அங்கே வந்ததே அதுதான் முதல் தடவை.

“மல்லிகா, கால்வாயண்ட ரெண்டு பேரு சங்கிலி போட்டு அளந்துக்கினு கீறானுங்கோ. இன்னாய்யான்னு கேட்டா, பேப்பர்ல வந்துகீது, போய்ப் பாருன்றான். நம்ப சுடுகாடாமே. எடுமே அந்தப் பேப்பர.”

அது எங்கள் மயானம்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பழைய பேப்பர்க் கட்டை இறக்கினேன். எந்தத் தேதி என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்றைய தாளிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் போனேன். அக்கா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். நான் புரட்டப் புரட்ட அவள் ஓரத்தைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் ஓட்டை விழுந்த தாள் வந்தது.

அக்கா அதைத் தூக்கிப் பிடித்தாள். “இன்னாமே இது? எலி கட்ச்சா இவ்ளோ ஒயுங்கா இருக்காதே.”

“யாரோ வெட்டிட்டாங்க போல கீது அக்கா” என்றேன்.

யாரோ. அந்தச் சொல் எப்படி என் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. சாதாரணமாகப் பேசவே திக்குகிறவள் நான்.

அக்கா ஓட்டையின் ஓரத்தை விரலால் தடவினாள். பிறகு சொன்னாள், “எவனாவது வேலைக்கி அலையற பையன் வெட்டினு பூட்டிருப்பான். அவனுக்காவது வேல கெடச்சா சரி.” என் பக்கம் திரும்பினாள். “நீ படிச்சியா? இன்னா போட்டிருந்தான்?”

“பாக்கல அக்கா.”

கோதண்டம் மாமா அந்த மாதம் ஆர்.கே.பேட்டையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அவர் உள்ளே உட்கார்ந்திருந்தால், சன்னல் வைத்தவள் இவள்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார். எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

வெளியே பம்ப் ஆபரேட்டர் நின்றிருந்தார். அக்கா அவரிடமும் கேட்டாள். “வருசா வருசம் அளப்பாங்கம்மா. சும்மா” என்றார் அவர். அக்காவுக்கு ஷிஃப்டுக்கு நேரமாகியிருந்தது. கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. போய்விட்டாள்.

மீதி நாட்கள்

இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். சாரிடம் கேட்டு ஃபைலிலிருந்து அந்தத் தாளை வாங்கி, ஜெராக்ஸ் எடுத்து அக்காவிடம் கொடுத்துவிடுவது. வேறு பேப்பர் கிடைத்தது என்று சொல்லிக்கொள்ளலாம். நான் வெட்டியது தெரிய வேண்டியதில்லை.

மறுநாள் சார் பயிற்சிக்குப் போயிருந்தார். அதற்கு மறுநாள் மேலதிகாரிகள் வந்திருந்தார்கள். மூன்றாம் நாள் சார் தனியாக இருந்தார். மேசைக்கு முன்னால் போய் நின்றேன். போனில் பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இன்னா மல்லிகா?”

“குடிக்கத் தண்ணி புடிச்சி வைக்கட்டுமா சார்?” என்றேன்.

பிடித்து வைத்தேன். இப்படியே நாலைந்து நாள் போனது. ஜெராக்ஸே தேவையில்லை, வாயால் சொல்லியிருக்கலாம். தினமும் காலையில் குழாயடியில் அக்காவைப் பார்த்தேன். குடம் நிரம்புகிற நேரம் போதும், ஒரு வரி சொல்ல.

“இன்னாமே, மொகம் வாடிக்கீது? நாஷ்டா துன்னியா இல்லியா?” என்று அவள்தான் என்னைக் கேட்டாள்.

துன்னேன் அக்கா என்றேன். பயம்தான். வேலை போய்விடும் என்ற பயம் கொஞ்சம். அதைவிட, முதல் நாள் ‘யாரோ’ என்று சொன்னதை இன்று எப்படித் திருத்துவது என்ற வெட்கம். ஒவ்வொரு நாள் கழியும்போதும் அது இன்னும் கஷ்டமாக ஆகிக்கொண்டே போனது. மூடிய வாய் தானாகவே இறுகிவிடுகிறது.

முப்பது நாள் முடிந்த அடுத்த நாள் சார் என்னைக் கூப்பிட்டார்.

“என் கையெழுத்து எனக்கே புரியாது. உங்க கையெழுத்து நல்லாருக்கு. உக்காந்து எழுதுங்க, நான் சொல்றேன்.”

அவர் சொல்ல நான் எழுதினேன். ‘மேற்படி அறிவிப்பு செய்தித்தாளிலும் அலுவலக அறிவிப்புப் பலகையிலும் முறையாக வெளியிடப்பட்டது. குறிப்பிட்ட காலத்திற்குள் ஆட்சேபணை ஏதும் வரவில்லை.’

பக்கத்துத் தாளில் நான் ஒட்டிய துண்டு இருந்தது. பிசிறிய ஓரத்தில் கோந்து மஞ்சளாகக் காய்ந்திருந்தது. ‘ஏதும்’ என்று எழுதிய பிறகு என் கை நின்றது. மை தீர்ந்துவிட்டது என்று நினைத்து சார் தன் பேனாவைக் கழற்றிக் கொடுத்தார். அந்தப் பேனாவால் ‘வரவில்லை’ என்று எழுதினேன்.

திருவள்ளூர்

மழை விட்ட பிறகு கால்வாய் ஓரத்தில் கல் நட்டுக் கம்பி கட்டினார்கள். பழைய கல்லறைகளை ஒன்றும் செய்யவில்லை. போய்ப் பார்க்கலாம், பெருக்கலாம். இனி அடக்கம் மட்டும் கூடாது. புது மயானம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், உயரழுத்த மின்கம்பிகள் போகிற மேட்டில்.

தெருவே அலுவலகத்துக்குப் போனது. சார் ஃபைலைத் திறந்து காட்டினார். எஸ்தர் அக்கா முன்னால் நின்றிருந்தாள்.

“பேப்பர எவனோ வெட்டிட்டான் சார். அதான் நாங்க பாக்கல.”

சார் ஃபைலில் ஒட்டியிருந்த துண்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஃபைலை மூடி வைத்தார்.

அக்கா விடவில்லை. திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்குவார்கள், போகலாம் என்றாள். “நீ கூட வாமே. உனக்குத்தான் எழுத வரும்” என்றாள். மனுவை நான்தான் எழுதினேன்.

ஒரே மாவட்டம்தான். ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து ரயிலில் போக வேண்டுமென்றால் சென்னைப் பட்டணத்தைத் தொட்டுக்கொண்டுதான் போக வேண்டும். கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, அரக்கோணம் வண்டிக்கு மாறினோம். அக்கா நல்ல புடவை கட்டியிருந்தாள். வழியெல்லாம், அதிகாரியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். கடம்பத்தூர் போகிறவர்கள் சிலர் எதிரில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தார்கள். தோல் பறந்து அக்காவின் மடியில் விழுந்தது. அவள் தட்டிவிடக்கூட இல்லை.

மனு வாங்கிய அதிகாரி எங்கள் வயதுள்ள ஒரு அம்மாள். பொறுமையாகத்தான் படித்தார்.

“அறிவிப்பு பேப்பர்ல வந்திருக்கேம்மா. ஒரு மாசம் டைம் குடுத்திருக்காங்க. அப்ப ஏன் ஒருத்தர்கூட எழுதிக் குடுக்கல?”

அக்கா என் கையைத் தொட்டாள். “சொல்லுமே. நீதான படிச்சவ.”

“எங்க ஊருக்கு ஒரே ஒரு பேப்பர்தான் வரும் மேடம்” என்றேன். “அத வெட்டினது நான்தான்.”

“கேக்கலம்மா. சத்தமா சொல்லுங்க.”

“அத வெட்டினது நான்தான் மேடம். ஃபைல்ல ஒட்டறதுக்கு.”

இரண்டாவது தடவை குரல் தேவைக்கு மேல் வந்துவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. அவ்வளவு பேர் முன்னால் நான் பேசியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அக்காவின் கை என் கையிலிருந்து எடுபட்டது.

அந்த அம்மாள் பேனாவை மூடினார். அவருக்கும் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். “ஊருக்கு எத்தன பேப்பர் வருது, யார் கையில கெடச்சுதுன்றதெல்லாம் ரூல்ல இல்லம்மா. வெளியானா வெளியானதுதான். மனுவ மேல அனுப்பறேன்” என்றார். அனுப்பினார். இரண்டு மாதம் கழித்துத் தபாலில் பதில் வந்தது. உரிய காலத்தில் ஆட்சேபணை வராததால் மறுபரிசீலனைக்கு இடமில்லை.

திருவள்ளூர் பிளாட்பாரத்தில் அக்கா ஒரு இட்லிப் பொட்டலம் வாங்கிப் பிரித்து, என் பக்கம் பாதியைத் தள்ளினாள். முகத்தைப் பார்க்கவில்லை. வண்டி வந்தது, ஏறினோம். ஆவடி தாண்டியதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“அன்னிக்கே சொல்லியிருந்தா நா உன்ன திட்டியிருப்பேன். தெருவே கேக்கற மாதிரி ஒரு நாளு பூரா திட்டியிருப்பேன். மறுநாளு நாமளே ரெண்டு பேரும் மனு எழுதினு போயிருப்போம்.” விரலை மடக்கிப் பார்த்தாள். “அப்பகூட பதினோரு நாளு பாக்கி இருந்திருக்கும்.”

நான் அழுதேன். அவள் தடுக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம்.

கேட்ட ஒரு கேள்வி

அதற்குப் பிறகு வெகுநாள் குழாயடியில் அக்கா என்னோடு பேசவில்லை. குடம் வைக்க இடம் விடுவாள், அவ்வளவுதான். படிப்பக வேலை எனக்குப் போகவில்லை. கோதண்டம் மாமா ஊரிலிருந்து வந்து எல்லாம் கேள்விப்பட்டு, வந்து உட்கார்ந்தார். “நானும் அன்னிக்கி ஸ்கோரத்தான் கேட்டேன், இல்ல?” என்றார். பேப்பரை விரிக்காமலே எழுந்து போனார்.

இப்போது ஏதாவது அறிவிப்பு வந்தால் போட்டோ எடுத்து ஊர் குரூப்பில் போடுகிறேன். கூடவே என் குரலில் படித்துப் பேசியும் அனுப்புகிறேன். யார் கேட்கிறார்கள் என்று தெரியாது. அடுத்த நிமிடமே யாராவது பிறந்தநாள் கேக் படம் போடுவார்கள், என் அறிவிப்பு மேலே நகர்ந்து மறைந்துவிடும்.

சென்ற ஆண்டு கல்லறைத் திருநாளன்று அக்கா என் வாசலுக்கு வந்தாள். கையில் மெழுகுவத்தி, சுண்ணாம்பு வாளி.

“வாமே” என்றாள். அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

கம்பி வேலிக்குள் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஏதோ கம்பெனியின் புகைபோக்கி. காற்று திரும்பியபோது இரும்பு கருகிய வாசம் வந்தது. அக்கா டேவிட்டின் கல்லறைக்கு வெள்ளையடித்தாள். பக்கத்திலிருந்த செங்கல் வரிசைக்கும் அடித்தாள். இனி அதில் யாரும் படுக்கப் போவதில்லை. ஆனாலும் ஒரு கல்கூட விடாமல் அடித்தாள்.

யாரிடமும் எதையும் கேட்காத நான் அன்று கேட்டேன்.

“இங்கயேதான் வேணும்னு ஏன் அக்கா அவ்ளோ மனசு?”

அவள் சுண்ணாம்படிக்கிற மட்டையை வாளியில் போட்டாள்.

“எனக்கு இன்னாமே, எங்க போட்டாலும் மண்ணுதான். இவனுக்குத்தான். பயந்தாங்கொள்ளி. மீச மொளச்சும் தனியா படுக்க மாட்டான். நா ஷிஃப்டு முட்ச்சி வர்ற வரைக்கும் லைட்டப் போட்டுக்கினு ஒக்காந்துக்கினு இருப்பான். ஆஸ்பத்திரில கடசியா கேட்டான், ‘யம்மா, பக்கத்துலயே இருப்பியா’ன்னு. இருப்பேன்டான்னேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். முப்பது நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவித்திருக்க வேண்டியது இதுதான். ஃபைலில் இது இல்லை. அங்கே ஒரு புல எண்ணும், வரவில்லை என்று நான் எழுதிய வரியும்தான் இருக்கின்றன.

திரும்பி வரும் வழியில், இதைப் பத்திரிகையில் எழுதட்டுமா என்று கேட்டேன். அக்கா வாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்.

“எழுது. டேவிட்டுனு பேரு போடு.”

போட்டிருக்கிறேன்.